நூற்று இருபத்தெட்டு சிவப்பு ரிப்பன்கள்

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த டைரி, மிக்ஸி கம்பெனி அம்மாவுக்கு இனாமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வாடிக்கையாளரின் புன்னகையே எங்கள் லாபம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் கவுன்டரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருந்தால் அந்த வரிக்கு மை செலவழித்திருக்க மாட்டார்கள்.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்தது. பயாலஜி லேப் எலும்புக்கூட்டுக்கு சேலை கட்டி, தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்ற விசாரணையும் முடிந்தது. தீர்ப்பு: கோடை விடுமுறை முழுவதும் அம்மாவின் மிக்ஸி சர்வீஸ் சென்டரில் கழிக்க வேண்டும். ஜெசி சர்வீஸ் சென்டர், நாகல்நகர், திண்டுக்கல். நான் வைத்த பெயர் சென்ட்ரல் ஜெயில்.

முதல் நாளே கம்பெனி ஏரியா மேனேஜர் தணிகைவேலன் வந்தார். இஸ்திரி போட்ட ஆள். சிரிப்பைக்கூட மடித்துப் பையில் வைத்திருப்பார் போல.

"ஒரு மிக்ஸி உள்ள வந்து வெளிய போக சராசரி பதினோரு நாளாகுது மேடம். மே முப்பத்தொண்ணுக்குள்ள மூணு நாளா ஆகணும். இல்லன்னா கம்பெனி போர்டைக் கழட்டிட்டு வேற ஆளுக்குக் குடுத்துருவோம்."

அம்மா எழுந்து நின்றே பேசினாள். அந்த போர்டை நம்பி அம்மாவையும் சேர்த்து எட்டுப் பேர்.

அவர் ஃபைலில் புகார்ப் பட்டியல் இருந்தது. முதல் புகார், மார்ச் மாதம் இட்லிக் கடை முத்துப்பேச்சி அம்மாவின் மிக்ஸி டேக் மாறி வத்தலகுண்டுக்குப் போனது. அதைப் பற்றி இங்கே எழுத எதுவும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஷெல்ஃபில் 143 மிக்ஸிகள். ஜார்களாக அடுக்கியிருப்பதால் ரஷ்ய வரலாற்றுப் பாடம் மாதிரி இருக்கிறது. எங்கு பார்த்தாலும் ஜார் மன்னர்கள்.

தலைமை மெக்கானிக் சூசைமாணிக்கம் மாமா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் வாங்கினாராம். கண் இரண்டும் பணியாரம் மாதிரி பெரிதாகத் தெரிகிறது.

"மாமா, அந்தக் கண்ணாடியில நான் எத்தன பேரா தெரியறேன்?"

"ஒருத்தியத்தான் தாங்க முடியல. போடி."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எனக்கு வேறு வேலை இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

அவசர மிக்ஸிக்கு சிவப்பு ரிப்பன் கட்டுவது எங்கள் கடை வழக்கம். அம்மாவுக்குத் தெரிந்தவர், மெக்கானிக்குக்குத் தெரிந்தவர், கவுன்டர் பொன்மயில் அக்காவின் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர், எல்லோரும் அவசரம். இன்று எண்ணினேன். 143 மிக்ஸிகளில் 128 அவசரம். சரம் சரமாக அவசரம்.

"அம்மா, எல்லாமே அவசரம்னா எதைத்தான் முதல்ல எடுப்பாங்க?"

"யாரு வந்து சத்தம் போடுறாங்களோ அவங்களோடத."

"சத்தம் போடாதவங்க?"

ரிப்பன் இல்லாத பதினைந்தைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் பின்வரிசையில், தூசி போர்த்திக்கொண்டு தூங்கின.

ஏப்ரல் 26, சனி

கை அரித்தது. காலையில் யாரும் வருவதற்கு முன் நாற்பது மிக்ஸிகளின் வாயில் சீட்டு ஒட்டிவிட்டேன்.

'நான் வந்து ஒன்பது நாள். இன்னும் யாரும் தொடவில்லை. நான் என்ன சாமி சிலையா?'

'எனக்கு ஒரு ரப்பர் வாஷர் போதும். அது ஆறடி தூரத்து டப்பாவில் இருக்கிறது. எனக்குக் கால் இல்லை, உங்களுக்குமா?'

'என் வீட்டுக்காரி பதினாலு நாளாகப் பொடித் தோசை சாப்பிடுகிறாள். இப்படிக்கு, சட்னி ஜார்.'

பொன்மயில் அக்கா ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க, காதர் பாய் மோட்டார் காயிலை மடியில் போட்டுக்கொண்டு குலுங்கினார். அம்மா வந்ததும் எல்லாம் நின்றது.

"எலும்புக்கூடு போதாதாடி ஷெரின் உனக்கு? போர்டு போகப்போகுதுன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

சீட்டுகளைக் கிழிக்கக் கை வைத்தவள் வாஷர் சீட்டைப் படித்துவிட்டு நின்றாள். டப்பா வரை நடந்தாள். உண்மையிலேயே ஆறடிதான். வாஷர் இருந்தது.

"இந்த ஒன்பது நாள், பதினாலு நாளெல்லாம் வாய்க்கு வந்ததா, எண்ணிப் போட்டதா?"

"எண்ணித்தான்."

"அப்ப எண்ணு. ஒரு மிக்ஸி எங்க எங்க எவ்வளவு நேரம் சும்மா கிடக்குதுன்னு எனக்கு எழுதிக் குடு."

குறும்புக்கு வேலை கொடுத்து அதைக் கொல்வது எப்படி என்று அம்மாவிடம்தான் கற்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

உளவு அறிக்கை. 217ஆம் நம்பர் மிக்ஸி, பத்தொன்பதாம் தேதி வந்து இன்று போனது.

கவுன்டருக்கு அடியில் ஒன்றரை நாள். யார் எடுத்து உள்ளே வைப்பது என்று யாருக்கும் சொல்லவில்லை. சூசை மாமா பெஞ்சு முன்னால் மூன்று நாள். கோளாறு என்ன என்று பார்ப்பது அவர் மட்டும்தான். 'பார்ட்ஸ் வர வேண்டும்' என்ற ஷெல்ஃபில் மூன்று நாள். அந்த பார்ட் முதல் நாளிலிருந்தே ஸ்டோரில் இருந்தது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பழுது சரியானபின் மூன்றரை நாள் சும்மா. ஏனென்றால் பொன்மயில் அக்கா வாடிக்கையாளருக்கு போன் போடுவது சனிக்கிழமை மட்டும், அவர்கள் வந்து எடுப்பது அதற்கப்புறம். ஏன் சனி என்று கேட்டேன். "பழைய முதலாளி காலத்துல சனிக்கிழமைதான்டி போனே இருக்கும்" என்றாள். இப்போது அவள் கையில் இரண்டு போன்.

மனிதக் கை பட்ட நேரம் மொத்தம் முப்பத்து நாலு நிமிடம்.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். டீ ஆறி ஏடு கட்டியது. "ஆளுங்க மெதுவா வேலை செய்றாங்கன்னு இத்தன நாளும் அவங்களத்தான் விரட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள், என்னிடம் இல்லை, டீயிடம்.

மே 2, வெள்ளி

ரிப்பன் வெட்டு விழா. ஆனால் திறப்பு விழா இல்லை.

இனிமேல் வந்த வரிசைதான் வேலை வரிசை என்று அம்மா சொன்னதும் கடையே கொந்தளித்தது.

"கவுன்சிலர் வீட்டு மிக்ஸிக்கா, சும்மாவா?" என்றார் காதர் பாய்.

"எங்க பங்குச் சாமியாரோடது?" என்றாள் பொன்மயில் அக்கா.

அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் ரிப்பனை எங்கள் பெரிய மாமா வீட்டு மிக்ஸியிலிருந்து வெட்டினாள். சொந்த அண்ணன். 128 ரிப்பன்களும் ஒரு சாக்கில் போயின.

மே 3, சனி

பெரிய மாமா போனில் கத்தியது கவுன்டர் வரை கேட்டது. அம்மா ஸ்பீக்கரில் போடவில்லை. தேவையும் இல்லை.

மே 9, வெள்ளி

சராசரி ஏழு. காலையில் வந்ததை மதியத்துக்குள் உள்ளே எடுக்கிறோம். முடிந்ததும் அடுத்த நிமிடமே போன். பார்ட்ஸ் டப்பாக்கள் ஸ்டோரிலிருந்து மெக்கானிக்குகளின் கைக்கெட்டும் இடத்துக்கு வந்துவிட்டன. ஒரு டப்பா காலியானால் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கவிழ்ந்ததைப் பார்த்து நான் வாங்கி வருவேன். பேப்பர் இல்லை, பேனா இல்லை. இது காதர் பாய் யோசனை. அவர் வீட்டில் சர்க்கரை டப்பா அப்படித்தானாம்.

'சராசரி' என்ற சொல்லுக்குள் ஒரு 'சரி' இருக்கிறது. எங்களுடையதில் இப்போதுதான் லேசாகத் தலை நீட்டுகிறது.

மே 13, செவ்வாய்

முத்துப்பேச்சி அம்மா வந்தார். நான் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடப் போனேன். பெஞ்சு சின்னது.

"சூச தம்பி இல்லையா பாப்பா?"

"சாப்பிடப் போயிருக்காங்க."

"அதுக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"மிக்ஸி மாறிப் போனப்ப வீடு தேடி வந்துச்சே. 'என் கண்ணுல கோளாறும்மா, நம்பர தப்பாப் படிச்சுட்டேன், மன்னிச்சுரு'ன்னு வாசல்ல நின்னு கும்பிட்டுச்சு. பன்னெண்டு நாளு அம்மியில அரைச்சு என் தோளு போச்சு, கம்பெனிக்கு போன் போட்டு நல்லாத் திட்டினேன். அதுகிட்ட மட்டும் திட்ட வாய் வரல. இந்தா, பொன்னாங்கண்ணிக் கீரை. கண்ணுக்கு நல்லது. குடுத்துரு."

கொடுத்துவிட்டேன். கீரை நல்ல பச்சையாக இருந்தது. வேறென்ன எழுத?

மே 15, வியாழன்

சராசரி 4.6. நாலு நாளாக அங்கேயே நிற்கிறது. எல்லா இடத்திலும் ஓடும் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் தேங்குகிறது. சூசை மாமா பெஞ்சு.

ஸ்டாப்வாட்ச் வைத்தேன். மிக்ஸியைக் கையில் எடுத்து டேக்கைப் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படிக்கிறார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறார். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இது எட்டா மூணா?" என்று கேட்கிறார். திருகாணியைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு மிக்ஸிக்குப் பதினோரு நிமிடம். ஒரு நாளைக்கு முப்பது மிக்ஸி. அப்புறம் எங்கே கோளாறு பார்ப்பது?

போன வருஷம் இதே மாமா, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே "புஷ் தேய்ஞ்சிருச்சு" என்பார்.

அம்மா என் அட்டவணையைப் பார்த்தாள். "எல்லா இடத்துக்கும் காரணம் எழுதியிருக்க. சூசை அண்ணன் பெஞ்சுக்கு மட்டும் ஏன் காலியா விட்டிருக்க?"

தெரியல என்று எழுதினேன்.

மே 16, வெள்ளி

தெரியும்.

மே 17, சனி

மார்ச் எட்டாம் தேதி. பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவு. கடையில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன், அதாவது படிக்காமல் இருந்தேன். பக்கத்தில் இரண்டு மிக்ஸி. கைப்பிடியில் நூலில் கட்டிய டேக். முடிச்சை அவிழ்த்து இரண்டையும் மாற்றிக் கட்டினேன். பொன்மயில் அக்கா ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து 'வீல்' என்று கத்துவாள், அதைப் பார்க்கத்தான். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அன்று மீன் குழம்பு. மறந்தே போனேன். ஒன்று இட்லிக் கடையுடையது என்று அப்போது தெரியாது. தெரிந்தபின் சொல்லவில்லை. எழுதக்கூட இல்லை.

இன்று மதியம் எல்லோரும் டிபன் டப்பா திறந்த நேரத்தில் போய் நின்றேன்.

"மாமா, உங்க கண்ணுல ஒண்ணுமில்ல."

"ஏன், டாக்டராயிட்டியா?"

"டேக்க மாத்துனது நான். வெளாட்டுக்கு. நீங்க சரியாத்தான் படிச்சீங்க. டேக்குதான் தப்பு."

அம்மா கையில் எடுத்த சோறு டப்பாவிலேயே விழுந்தது. சூசை மாமா கண்ணாடியைக் கழற்றினார். சட்டையில் துடைத்தார், மறுபடி போடவில்லை.

"அப்ப எனக்குக் கண்ணு தெரியுதா? ரெண்டு மாசமா எம்பொண்டாட்டி என்னைய வண்டி எடுக்க விடல. சாவிய அரிசிப் பானையில ஒளிச்சு வச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபரேசன்னு சொல்லிருவாங்களோன்னு நானும் போகல. ஒரு ஒரு நம்பரும் எனக்கு நெளியுதுடி. எட்டு மூணாத் தெரியுது, மூணு எட்டாத் தெரியுது."

"மாமா..."

"பேசாத."

டப்பாவை மூடிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். அரை நாள் லீவு அவர் எடுத்து நான் பார்த்ததே இல்லை. அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மே 18, ஞாயிறு

மாதா கோயிலில் சூசை மாமா நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. பாட்டுப் புத்தகத்தைக் கண்ணாடி இல்லாமல் தூரமாகவும் கிட்டவுமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்து சத்தமாகப் பாடினார்.

மே 19, திங்கள்

ஒன்பது மணிக்கு வெளியே டிவிஎஸ் 50 சத்தம். சூசை மாமா தானே ஓட்டி வந்திருந்தார்.

அம்மா எல்லோரையும் நிற்க வைத்தாள். "சூசை அண்ணே, அந்த மிக்ஸி மாறிப் போனப்ப எல்லார் முன்னாடியும் உங்களத் திட்டுனேன். எல்லார் முன்னாடியும் கேக்குறேன், மன்னிச்சுருங்க." அடுத்து என் முறை. நானும் கேட்டேன். எனக்கு வழக்கமாக வார்த்தைப் பஞ்சம் கிடையாது. இன்று இரண்டுதான் வந்தன.

மாமா என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார். "இவள விடுங்க. ஒரு சின்னப் பொண்ணு வெளாட்டுக்கு நூல அவுத்தா மாறிப்போற மாதிரி நாம வச்சிருக்கோம்ல, அது யாரு தப்பு? நாளைக்குக் காத்து மாத்தும், எலி மாத்தும். அதச் சரி பண்ணணும்."

இன்று மாமா பெஞ்சில் நாற்பத்தொரு மிக்ஸி முடிந்தது. டேக்குக்கு ஒரே பார்வை.

மே 21, புதன்

மாமாவின் ஏற்பாடு. மார்க்கெட்டிலிருந்து தக்காளி கிரேட், அதாவது பிளாஸ்டிக் கூடைகள், வாங்கி வந்தோம். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கிரேட். மோட்டார், ஜார், மூடி எல்லாம் அதற்குள்ளேயே, கடைசி வரை. வேலைச் சீட்டை வாடிக்கையாளர் கண் முன்னால் கையால் இரண்டாகக் கிழிப்போம். பாதி அவரிடம், பாதி கிரேட்டில். திரும்ப வரும்போது கிழிசல் பொருந்தினால்தான் மிக்ஸி வெளியே போகும்.

"கத்தரியால வெட்டக் கூடாது. கையால கிழிச்சா ஒண்ணு கிழிஞ்ச மாதிரி இன்னொண்ணு கிழியாது" என்றார். பிறகு நாலு நாள் கழித்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு ஒரு வேலை. மாத்திக் காட்டு."

"என்ன மாமா?"

"உன் புத்திய முழுசா எறக்கு. இதுல எதையாவது மாத்திட்டு, நாங்க கண்டுபிடிக்காம வெளிய அனுப்பிக் காட்டு."

உலகத்தில் எனக்கென்றே செய்த உத்தியோகம்.

மே 22, வியாழன்

ஜெயித்துவிட்டேன்! இரண்டு கிரேட்டுகளின் சீட்டை மட்டும் இடம் மாற்றினேன். கிழிசல் அழகாகப் பொருந்தியது, மிக்ஸிதான் வேறு. கவுன்டர் தாண்டிப் போகும் நேரத்தில் நானே ஓடிப் போய்ப் பிடித்தேன்.

ஜெயித்தது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

காதர் பாய் மோட்டாரின் அடியில் மார்க்கரால் நம்பர் எழுத ஆரம்பித்தார். கொடுக்கும்போது பொன்மயில் அக்கா மிக்ஸியைக் கவிழ்த்து வாடிக்கையாளரையே படிக்கச் சொல்வாள்.

மே 26, திங்கள்

ஐந்து முயற்சி. ஐந்திலும் மாட்டிக்கொண்டேன். ஐந்தாவது முறை, மார்ச்சில் நான் ஆசைப்பட்டபடி, பொன்மயில் அக்கா 'வீல்' என்று கத்தினாள். சராசரி 3.3.

மே 31, சனி

தணிகைவேலன் பத்து மணிக்கு வந்தார். கடைசி பத்து நாள் கணக்கு: 2.8. நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். கிரேட்டுகளைப் பார்த்தார். "என்ன சாஃப்ட்வேர் போட்டீங்க மேடம்?"

"தக்காளிக் கூடை சார்."

அவர் சிரிக்கவில்லை. காருக்குப் போய் ஒரு பையோடு திரும்பினார். உள்ளே ஒரு மிக்ஸி.

"மாமியார் வீட்டோடது. நாளைக்கு அவங்க வீட்ல ஒரு விசேஷம். கொஞ்சம் அவசரம். மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்தீங்கன்னா..."

பொன்மயில் அக்காவின் கை, பழைய ரிப்பன் டிராயரைத் தானாகத் திறந்தது. டிராயர் காலி. காதர் பாய் மோட்டாரை நிறுத்தினார். போர்டு இருக்குமா போகுமா என்று எழுதப் போகிற பேனா அந்த ஆளின் பையில் இருந்தது. வரிசையில் அவருக்கு முன்னால் முத்துப்பேச்சி அம்மா, கையில் கரகரக்கிற பழைய மிக்ஸி.

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்னிக்கு வந்தது செவ்வாக்கிழமை முடியும். உங்களுக்கும் செவ்வாதான்."

"நான் யாருன்னு..." என்று ஆரம்பித்தவர், சூசை மாமாவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"நீங்க வேணா என் இடத்துல நில்லுங்க சார்" என்றார் முத்துப்பேச்சி அம்மா. "அப்பவும் செவ்வாதான். நான் கேட்டுப் பாத்துட்டேன்."

முதலில் சிரித்தது காதர் பாய். அடுத்து யாரென்று தெரியவில்லை. கடைசியில் தணிகைவேலன், இஸ்திரி கலையாமல், ஒரு பக்கமாக. அவர் வரிசையில் போய் நின்றார். முறை வந்ததும் சீட்டை வாங்கிக்கொண்டு, "எங்க கிழிக்கணும்?" என்றார்.

"உங்க இஷ்டம் சார்" என்றார் சூசை மாமா.

கோணல்மாணலாகக் கிழித்தார். பாதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர், அண்ணாந்து பார்த்தார்.

"போர்டுல என்ன மேடம் இவ்வளவு தூசி? நல்லாத் தொடச்சு வைங்க. அங்கேயேதான இருக்கப் போகுது."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை என்று எழுதச் சொல்லியிருக்கிறாள். பார்க்கவில்லை.

போர்டைத் துடைத்தது நான். ஏணியைப் பிடித்துக்கொண்டது சூசை மாமா. ஆட்டிவிடுவாரோ என்று பயந்தேன். ஆட்டினார், ஒரே ஒரு தடவை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. எலும்புக்கூட்டை லேபிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டு சாதாரணப் பூட்டு. எந்த இடத்தில் ஓட்டை என்று தலைமையாசிரியையிடம் நானே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். இது எனக்கு நல்லதில்லை, ஏதோ வியாதி.

இரண்டாவது பீரியடில் பையைத் திறந்தபோது கைப்பிடியில் ஒரு வேலைச் சீட்டு தொங்கியது. சிவப்பு ரிப்பனில் கட்டியிருந்தது. சாக்கிலிருந்து ஒன்றை மாமா எடுத்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் எழுதிய கையெழுத்து, நேர்க்கோட்டில்.

பொருள்: ஷெரின்.
கோளாறு: வால்.
மெக்கானிக்: சூசைமாணிக்கம்.
நிலை: வேலை நடக்கிறது.
முடியும் தேதி:

அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். சீட்டு பாதிதான் இருந்தது, கையால் கிழித்தது. மறுபாதி அவரிடம் இருக்கும்.